பெரியப்பா என்னும் சொல்



குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் முதலில் ஆவணங்களைத் தேடுவர். மெர்லிமாவ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் வளர்ந்த எங்கள் தந்தையாரின் வரலாற்றை நாங்களும் அவ்வாறே தேடத் தொடங்கினோம். பிறப்புப் பத்திரம் போர்க்காலத்தில் தொலைந்துவிட்டது. பள்ளிச் சான்றிதழ், அடையாள அட்டை இரண்டிலும் தந்தை என ஒரே பெயர் இருந்தது. அது பெற்றவர் பெயரன்று, வளர்த்தவர் பெயர்.

பெற்றவர் சயாமுக்குப் போனவர். 1942ஆம் ஆண்டு தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பெற்ற சயாம் பர்மா இருப்புப்பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடையது. அதனை அமைக்க ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டுசென்றனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் தின்றதில் மீளாதோர் பலர். எங்கள் பாட்டனார் மீளவில்லை. அடுத்த ஆண்டே பாட்டியாரும் மலேரியாக் காய்ச்சலில் மறைந்தார். மூன்று வயதுச் சிறுவனைப் பக்கத்து லயத்திலிருந்த பெரியப்பாவும் பெரியம்மாவும் எடுத்து வளர்த்தனர். அவர்களுக்கும் இரு பிள்ளைகள். அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே உணவாகிப்போன காலம் அது. இரண்டாகப் பகிர்ந்த கிழங்கு மூன்றாயிற்று.

போருக்குப்பின், விடியுமுன் பெரட்டுக்குப் போய் மரம் வெட்டத் திரும்பிய அவ்விணையர் எந்த ஆவணத்திலும் இதைப் பதியவில்லை. 1952இல் வந்த தத்தெடுப்புப் பதிவுச் சட்டத்தில், இரண்டாண்டு தொடர்ந்து வளர்த்தவர் பதிந்துகொள்ள வழியிருந்தது. அவர்களுக்கு அது தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது, தந்தை பெயர் கேட்ட ஆசிரியரிடம் பெரியப்பா தம் பெயரைச் சொன்னார். பின்வந்த ஆவணங்களெல்லாம் அதைப் பார்த்தே எழுதப்பட்டன. அதைப் பொய்யென்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

ஆனால் வீட்டுக்குள் வழங்கிய சொல் வேறு. எங்கள் தந்தையார் இறுதிவரை அவரைப் 'பெரியப்பா' என்றே அழைத்தார். சிறுவயதில் ஒருமுறை 'அப்பா' என்றபோது பெரியம்மா தடுத்தாராம்: "உங்கப்பா திரும்பி வந்தா அவர என்னன்னு கூப்பிடுவே?"

உறவுச்சொல் எப்போதும் இவ்வளவு துல்லியமாக வழிகாட்டுவதில்லை. பெரியம்மா என்பார் தந்தையின் தமையன் மனைவியாகலாம், தாயின் தமக்கையுமாகலாம். நாங்களே சில மாதங்கள் தாய்வழியில் தேடிக் களைத்தோம். பெரியப்பாவுக்கும் பாட்டனாருக்கும் தந்தை ஒருவரே என்று தோட்டத்து முதியவர் ஒருவர் சொன்ன பிறகே வழி தெளிந்தது. முதியோரிடம் உறவுமுறை கேட்கும் மாணவர்கள், எவ்வழி உறவு என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1966இல் தந்தையாருக்குத் திருமணம். அழைப்பிதழில் பாட்டனார் பெயருக்கு முன் 'அமரர்' எனச் சேர்க்கலாமா என்று அச்சகத்தார் கேட்டனர். இறந்ததை எவரும் கண்டதில்லையே என்று பெரியம்மா மறுத்துவிட்டார். மணமகனின் தந்தை என்னுமிடத்தில் பாட்டனார் பெயர் மட்டும் நின்றது. அழைப்போர் என்னுமிடத்தில் பெரியப்பா, பெரியம்மா பெயர்கள். பாட்டனாரின் பெயர் அச்சேறியதாக எங்களுக்குக் கிடைத்தது அந்த ஓர் அழைப்பிதழே.