மெருகில் விழுந்த குழிகள்



பழைய கலைப்பொருள்களைச் சேர்ப்பது செல்வர்க்கு மட்டுமே உரிய பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுகின்றனர். விலையை மட்டும் அறிந்து வாங்குவோர்க்கு அஃது அவ்வாறே முடிந்துவிடும். பொருள் பிறந்த வகையை ஆராய்ந்து சேர்ப்போர்க்கோ அது சிறந்த கல்வியாகும். இதற்குச் சான்றாக, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலைஞர் சிலர் தம் சொந்தப் பட்டறைகளில் வனைந்த மட்கலங்களைப் பற்றிப் பேச விரும்புகின்றேன்.

கலத்தின்மீது பூசிய மெருகு, சூளையில் உருகிக் கண்ணாடிபோல் வழவழப்பாகப் படிய வேண்டும் என்பதே பொதுவான இலக்கணம். கொப்புளமோ குழியோ விழுந்தால் அது குறை, கலம் கழிக்கப்படும். அக்குறையையே அழகாக மாற்றியவர்களுள் மூவரைக் காண்போம்.

வியன்னா நகரத்துத் தம்பதியர் கெர்ட்ரூட், ஆட்டோ நாட்ஸ்லர். மனைவி சக்கரத்தில் வனைவார், கணவர் மெருகிடுவார். ஆஸ்திரியாவை நாஜிகள் கைப்பற்றிய 1938-ஆம் ஆண்டில், யூதராகிய இருவரும் நாடு நீங்கி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரை அடைந்தனர். எரிமலை வாய்போல் குழிந்த மெருகுகள் அவர்களுக்குப் புகழ் தந்தன. ஆட்டோ உருவாக்கிய மெருகுகள் 2000-க்கும் மேற்பட்டவை.

அதே ஆண்டில் வியன்னாவிலிருந்து லண்டனுக்கு அகதியாகச் சென்றவர் லூசி ரீ அம்மையார். போர்க்காலத்தில் ஆடைகளுக்குப் பீங்கான் பொத்தான்கள் செய்து வாழ்ந்தார். பின்னர் மின்சூளையில் மெல்லிய கிண்ணங்களையும் நெடுங்கழுத்துக் குடுவைகளையும் படைத்தார். அவற்றுள் சிலவற்றின் மேற்பரப்பு எரிமலைக் கல்லைப் போன்றே துளைகள் நிறைந்தது.

இத்துளைகள் எவ்வாறு உண்டாகின்றன? மண்ணிலோ மெருகிலோ சிலிக்கன் கார்பைடு என்னும் பொருளைச் சிறிதளவு கலப்பார்கள். ஏறத்தாழ 1250 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் அது சிதைந்து வாயுவை வெளியிடுகின்றது. உருகிய மெருகைக் கிழித்துக்கொண்டு வாயு வெளியேறுகின்றது. மெருகு இறுகும்போது அதன் வடு நிலைத்துவிடுகின்றது. கலவையின் அளவு, பூச்சின் தடிப்பு, சூளையின் வெப்பம் ஆகியவற்றுள் ஒன்று பிசகினாலும் விளைவு வேறாகும். தற்செயலாகத் தோன்றும் குழி குறை. சோதித்து அறிந்து, வேண்டிய இடத்தில் வரவழைத்த குழி கலை. இவ்வேறுபாட்டைக் கண்டறிவதே சேர்ப்பவர்க்கு வேண்டிய முதல் தேர்ச்சி.

இங்கிலாந்தில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பிய நண்பர் ஒருவர் இத்தகைய கிண்ணம் ஒன்றை என் கையில் தந்து, "கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள், ஐயா" என்றார். புறம் கரடாக இருந்தது. விளிம்போ உதட்டை உறுத்தாத அளவுக்கு நேர்த்தியாக இருந்தது. வேதியியல் பாடத்தில் எத்தனையோ முறை நான் கரும்பலகையில் எழுதிய வாயுவின் விளைவை அன்றுதான் விரலால் உணர்ந்தேன்.

சேர்க்க விரும்புவோர் முதலில் கலத்தைத் திருப்பி அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். கலைஞரின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எனினும், முத்திரையைப் போலியாகவும் பொறிக்கலாம். ஆகவே வடிவம், எடை, மெருகு ஆகிய மூன்றும் அதற்கு ஒத்துச் சாட்சி சொல்ல வேண்டும். கரடான மெருகு உடைசலை ஒட்டிய தடத்தையும் மறைக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் விளிம்பை நன்கு ஆராய்தல் நலம். குழிகளில் படியும் தூசியை மென்மையான தூரிகையால் நீக்குக. கலம் யாரிடமிருந்து, எப்பொழுது வந்தது என்பதை எழுதி வைக்கத் தவறாதீர்கள். அக்குறிப்பு தொலைந்தால் கலத்தின் வரலாற்றில் ஒரு பகுதியும் தொலைந்துவிடும்.

இவற்றை விலைகொடுத்து வாங்க நம்மில் பலரால் இயலாது. அதனால் இழப்பொன்றும் இல்லை. லூசி ரீ 1995-இல் மறைந்தார். அவருடைய பட்டறை இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மக்கள் காண அமைக்கப்பட்டுள்ளது. நீங்கள் சேர்ப்பது தபால்தலையாயினும் கிளிஞ்சலாயினும், அதன் பிறப்பை ஆராய்ந்து அறியுங்கள். வீட்டையும் நாட்டையும் இழந்த அம்மூவரிடமிருந்தும் எவராலும் பறிக்க முடியாமல் எஞ்சி நின்றது, அத்தகைய ஆராய்ச்சியால் பெற்ற அறிவே.