கியர்த் தண்டும் மலைப்பாதையும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் நெடுஞ்சாலையில் மாவனல்லையைக் கடந்த சிறிது தூரத்தில் மோட்டார் வண்டியின் குரல் மாறுகின்றது. அதுவரை மெல்ல முணுமுணுத்து வந்த எஞ்சின், கடுகண்ணாவை ஏற்றத்தில் முழங்கத் தொடங்குகின்றது. சாரதியின் இடக்கை கியர்த் தண்டை நாடுகின்றது. வண்டி மலை ஏறுவதும், மறுநாள் அதே மலையில் பத்திரமாக இறங்குவதும் அந்தக் கையின் சிறு அசைவையே பெரிதும் சார்ந்திருக்கின்றன.

இப்பாதை 1820 ஆம் ஆண்டுகளில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், கப்டன் டோசன் என்னும் பொறியியலாளரின் முயற்சியால் அமைந்தது. அவர் காலத்தில் குடைந்த பாறை வாயில் இன்றும் சாலையோரத்தில் நிற்கின்றது. 1829 இல் மறைந்த அவருக்கு எழுப்பிய நினைவுக் கோபுரம் கணவாயின் உச்சியில் நிற்கின்றது. மாட்டு வண்டிக்கும் குதிரைக்கும் என வகுத்த ஏற்றத்தில் பின்னாளில் மோட்டார் வண்டிகள் ஏறலாயின. அவற்றுள் இலங்கை மக்களின் உள்ளத்தில் தனியிடம் பெற்றது மொரிஸ் மைனர்.

1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமான இந்தச் சிறு கார் அலெக் இசிகோனிஸ் என்பவரின் படைப்பு. அதன் முந்திய வடிவங்களில் கியர்த் தண்டு நீண்டு மெலிந்து, பிரம்பு போல் நின்றது. ஒரு கியரிலிருந்து மறு கியருக்குச் செல்லக் கை நெடுந்தூரம் அசைய வேண்டியிருந்தது. 1956 இல் மைனர் 1000 வந்தபோது எஞ்சின் வலுப்பெற்றது; நீண்ட தண்டின் இடத்தைச் சாரதியின் கைக்கு அருகே அமைந்த குட்டைத் தண்டு பெற்றது. அன்று தொழிற்சாலை செய்த அந்த மாற்றத்தைத் தம் வண்டியில் தாமே செய்ய விரும்புவோர் இன்றும் உளர். தண்டின் வீச்சைக் குறைத்தால் வண்டி துடிப்பாக ஓடும் என்பது அவர்கள் எண்ணம்.

இவ்வெண்ணம் எவ்வளவு சரியானது? இதற்கு விடை பள்ளிக்கூடப் பாடத்திலேயே உள்ளது. கியர்த் தண்டு என்பது ஒரு நெம்புகோல். அதன் நடுவில் ஒரு குண்டு சுழலிடமாக அமைந்துள்ளது. மேற்பகுதியைக் கை தள்ளுகின்றது. கீழ்ப்பகுதி பெட்டிக்குள் இருக்கும் பற்சில்லுகளைச் சேர்க்கின்றது. மேற்பகுதி 12 அங்குலமும் கீழ்ப்பகுதி 3 அங்குலமும் என்று கொள்வோம். கீழ்முனை அரை அங்குலம் நகர, கை 2 அங்குலம் நகர வேண்டும். கீழ்ப்பகுதியை 4 அங்குலமாக நீட்டினாலோ, மேற்பகுதியை 9 அங்குலமாக வெட்டினாலோ, கை ஒன்றரை அங்குலம் நகர்ந்தால் போதும். தூரத்தில் காற்பங்கு மிச்சம்! ஆனால், கை கொடுக்க வேண்டிய விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகின்றது. தூரத்தில் மிச்சம் பிடித்ததை விசையில் செலுத்தியே தீரவேண்டும். ஆர்க்கிமிடீஸ் காலம் முதல் இவ்விதிக்கு விலக்கில்லை. கனமான பற்சில்லுகளைக் கொண்ட பேருந்துகளிலும் லொறிகளிலும் தண்டு நீளமாக இருப்பதன் காரணமும் இதுவே.

இன்னொரு செலவும் உண்டு. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு உறுப்புகள் ஒன்று சேருமுன் அவற்றின் வேகம் ஒன்றாக வேண்டும். இவ்வேலையைச் செய்வது கூம்பு வடிவான ஒரு சிறு வெண்கல வளையம். உராய்வினால் வேகத்தைச் சமப்படுத்தும் இந்த ஏற்பாடு 1928 இல் அமெரிக்காவின் கடிலாக் கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது. சமப்படுத்துவதற்கு வளையத்துக்கு ஒரு கணம் அவகாசம் வேண்டும். குட்டைத் தண்டின் உற்சாகத்தில் கை அவசரப்பட்டால் அந்த அவகாசம் கிட்டுவதில்லை, வளையம் தேய்கின்றது, நாளடைவில் பற்சில்லுகள் உறுமத் தொடங்குகின்றன. மைனரின் முதல் கியருக்கு இந்த வளையமும் இல்லை. ஆகவே வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கியரில் வலிந்து தள்ளுவது பற்சில்லுகளுக்கே கேடாகும்.

கண்டியில் வாழும் ஓர் இளைஞனைக் கற்பனை செய்து பார்க்கலாம். தந்தை விட்டுச்சென்ற மைனரில் தாயை ஏற்றிக்கொண்டு மாவனல்லைக்குப் புறப்படுகின்றான். கடுகண்ணாவையில் இறக்கம் தொடங்கியபின் இரண்டாம் கியருக்கு மாற்ற முயல்கின்றான். தண்டு போகிறது, கியர் விழவில்லை. எஞ்சினின் பிடி அற்றுப்போக, வண்டி தானே உருள்கின்றது. அவன் பிரேக்கை மிதித்தபடியே செல்கின்றான். தொடர்ந்து மிதித்தால் பிரேக்குச் சூடேறி அதன் பிடி தளரும் என்பதை அவன் அறியான். நல்வேளையாக, அடுத்த வளைவுக்கு முன் கியர் விழுகின்றது. பின்னாசனத்தில் தாய் ஒரு வார்த்தையும் பேசவில்லை. முன்னாசனத்தின் விளிம்பைப் பற்றிய கையை மட்டும் வீடு சேரும்வரை எடுக்கவில்லை.

மறுநாள் அவன் பழகிய மெக்கானிக்கிடம் சென்று, "தண்டு மிக நீளம், ஐயா. வெட்டிக் குட்டையாக்கித் தாருங்கள்" என்கின்றான். முதியவர் வாளை எடுக்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கின்றார். மிதியைக் கிளச்சோடு இணைக்கும் ஊசிகள் தேய்ந்திருக்கின்றன. மிதி தரையைத் தொட்டும் கிளச்சு முழுவதும் விடுபடவில்லை. தண்டின் குண்டு அமரும் இடமும் தேய்ந்து, கை அசைவில் ஒரு பகுதி வீணாகின்றது. "தம்பி, நீளம் தண்டில் இல்லை, தேய்மானத்தில் இருக்கிறது. இதை விட்டுவிட்டுத் தண்டை வெட்டினால், விழாத கியரை இன்னும் கூடிய பலத்தோடு தள்ளுவீர்" என்கின்றார்.

இவ்வார்த்தை சிந்திக்கத்தக்கது. தொழிற்சாலை தண்டைக் குறுக்கியபோது அதைத் தனியே வெட்டி எறியவில்லை. தாங்கும் கூட்டையும் இணைப்பையும் அதற்கேற்பப் புதிதாக அமைத்தது. வீச்சைக் குறைப்பது தவறன்று. தேய்ந்தவற்றை மாற்றி, பெட்டியின் எண்ணெயைக் கவனித்து, கிளச்சைச் சரிசெய்தபின், தகுதியான உறுப்பைக் கொண்டு அளவோடு குறைத்தால் கைக்கு இன்பமே. குறையை மறைக்கக் குறைப்பதே ஆபத்து.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, இந்நாட்டில் பழைய வண்டிகளின் ஆயுள் நீண்டது. தானே கியர் மாற்றிக்கொள்ளும் கார்கள் பெருகிய போதிலும், மலைநாட்டில் தண்டைப் பிடிக்கும் கைகள் இன்னும் பல. அக்கைகளுக்குரிய விதி எளியது: ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, இறங்குவதற்கும் அதுவே வேண்டும். அதையும் இறக்கம் தொடங்குமுன் போட்டுவிட வேண்டும். டோசன் கோபுரத்தருகே வேகத்தைத் தணித்துக் கியரை மாற்றும் சாரதிக்கு, தண்டின் வீச்சு ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் கவலை இல்லை. பின்னாசனத்தில் இருப்பவரின் கையும் அமைதியாக மடியிலேயே இருக்கும்.