மைத்திரி பாவனை

(தர்மபுரத்தில் சங்க உறுப்பினர் முன் நிகழ்த்திய பேச்சு)



சைவப் பிள்ளைகள் கூடிய சபையில் பௌத்தத் தியானத்தைப் பற்றிப் பேசச் சிறியேன் எழுந்து நிற்கிறேன். அதுவும் வன்னியில். புத்தர் சிலையைக் கண்டால் நம்மவர் மனத்தில் முதலில் எழுவது தியானம் அன்று என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும் இப்பொருள் தமிழருக்கு அந்நியமானதன்று. மணிமேகலை நம் காப்பியம். ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் 'விசுத்திமார்க்கம்' என்னும் நூலை இயற்றிய புத்தகோசர், காஞ்சிபுரத்திலும் வாழ்ந்தவர்.

நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். பகைவனை நேசிக்க வேண்டும் என்பதை மனனம் செய்து பரிசும் பெற்றேன். எப்படி நேசிப்பது என்று கேட்டபோது மட்டும் விடை கிடைக்கவில்லை. புத்தகோசர் அந்த 'எப்படி'யைத்தான், தச்சுவேலை பழக்குகிறவர்போல, ஒன்பதாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார்.

முதலில் உன்னையே நினைந்து, நீ சுகமாயிருக்க விரும்பு என்கிறார். பிறகு மதிப்புக்குரிய ஆசிரியர். பிறகு உற்ற நண்பன். பிறகு விருப்போ வெறுப்போ இல்லாத ஒருவர், பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் யாரோ ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகைவன் கடைசியில்தான். அவனிடத்தில் தொடங்கினால் கோபம் எழுந்துவிடும். 2009க்குப் பின் நம்மிடம் நல்லிணக்கம் பேச வந்தவர்களிற் பலர் நம்மை நேரே அந்தக் கடைசிப் படியில் ஏற்றப் பார்த்தார்கள்.

இன்னொரு விதி உண்டு. இறந்தவரை நினைத்து இப்பாவனையைச் செய்யலாகாது. இளம் பிக்கு ஒருவர் தம் ஆசிரியரை நினைத்து எவ்வளவோ முயன்றும் மனம் ஒருமைப்படவில்லையாம். விசாரித்தால் ஆசிரியர் இறந்துவிட்டார்.

இந்த இடத்தில் நான் நூலை மூடிவைத்தேன். என் மாமா 2009இற் காணாமற் போனவர். அவரை எந்த வரிசையில் வைப்பது? 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் அமரத் தொடங்கிய தாய்மாரின் பிள்ளைகளை எந்த வரிசையில் வைப்பது? புத்தகோசரிடம் அதற்கு விதி இல்லை. அம்மம்மாவிடம் கேட்டேன். "நீ உன்னிலையிருந்து துவங்கு மோனை. அவன்ரை பங்கை நான் பாக்கிறன்" என்றா.

மறுபடியும் நூலைத் திறந்தேன். தியானிப்பவர், நண்பன், நடுநிலையாளன், பகைவன் ஆகிய நால்வரும் இருக்குமிடத்திற் கள்வர் வந்து, பலிக்கு ஒருவரைத் தா என்கிறார்களாம். பகைவனைக் காட்டுவது தவறு. "என்னைக் கொண்டுபோங்கள்" என்பதும் தவறாம்! நால்வரில் ஒருவரையும் கொடுக்க மனம் ஒப்பாதபோதே எல்லை உடைகிறது. தன்னைக் கொடுப்பதே பெரிது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது திடுக்கிட வைக்கும் பேச்சு. எத்தனை இரவு இதை யோசித்தேனோ தெரியாது.

நான் இன்னும் சந்தியில் நிற்பவரிடமே தடுமாறிக்கொண்டிருக்கிறேன். கடைசிப் படிக்கு உரிய முகமொன்று எனக்கும் உண்டு; அதை இச்சபையிற் சொல்லேன்.

மனம் அலைந்தால் மூச்சை எண்ணலாம்: ஐந்துக்குக் குறையாமல், பத்துக்கு மேற்படாமல். வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கோவில் மண்டபத்தில் நாங்கள் சிலர் பாய் விரித்து இருக்கப்போகிறோம். பெரியோரும் வரலாம்.