மலையேறுவோரும் காலுறையும்



மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை சிவனொளிபாத மலைக்கு யாத்திரை செல்வோர் பல்லாயிரவர். நல்லதண்ணி வழியாகச் செல்வோருட் பலர் 5,000க்கு மேற்பட்ட படிகளை இரவில் ஏறி, 7,359 அடி உயரமான சிகரத்திலே சூரியோதயத்தைக் கண்டு, காலையில் இறங்குகின்றனர். ஏறும்போது மூச்சு வாங்கும்; பாதம் நோவது இறங்கும்போதுதான். சப்பாத்தைக் கையிற் பிடித்தபடி, பக்கத்தவர் தோளைப் பற்றிக்கொண்டு நொண்டி வருவோரைப் பருவந்தோறும் காணலாம். அவர்கள் சப்பாத்தையே குறைகூறுவர். உள்ளேயிருந்த காலுறையைப் பற்றி விசாரிப்போர் சிலரே.

முரட்டுத் துணி தோலை அராவுவதனாற் கொப்புளம் உண்டாகின்றது என்பது பொதுவான எண்ணம். உண்மை சற்று வேறானது. அடிவைக்குந்தோறும் உள்ளிருக்கும் எலும்பு நகர்கின்றது. மேற்றோலோ காலுறையோடு ஒட்டிப் பின்தங்குகின்றது. இந்த இழுபறி ஆயிரக்கணக்கான முறை நிகழும்போது மேற்றோலின் அடுக்குகளுக்கிடையே பிளவு தோன்றி, அங்கே நீர் கோத்துக்கொள்கின்றது. வியர்வையில் நனைந்த தோல், உலர்ந்த தோலைக் காட்டிலும் மிகுதியாக ஒட்டும். எனவே, காலுறை தேர்வோர் முதலில் நோக்கவேண்டியது ஈரத்தையே.

இவ்விடத்திற் பருத்தி நம்மைக் கைவிடுகின்றது. வெப்ப நாட்டவராகிய நமக்கு அது உடலுக்கு உகந்த துணி, அதில் ஐயமில்லை. ஆனால், காலுறையாகும்போது அது வியர்வையைக் குடித்துத் தன்னுள்ளே வைத்துக்கொள்ளும். நனைந்து தளர்ந்து மடிப்பு விழும். கம்பளிக் காலுறை என்றதும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நகைப்பார்கள். ஆயினும், கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 வீதம் ஈரத்தை ஏற்றும் நனைந்த உணர்வைத் தருவதில்லை. மெரினோ ஆட்டின் மென்மயிரில் நைலோன் கலந்து பின்னியவை உறுத்துவதுமில்லை, விலைதான் உறுத்தும். அவ்விலை கொடுக்க இயலாதோர் பொலியெஸ்டர், அக்ரிலிக் முதலிய செயற்கை இழைகளாலானவற்றை வாங்கலாம். 1990ஆம் ஆண்டில் அமெரிக்க நெடுந்தூர ஓட்டக்காரரிடையே நிகழ்ந்த ஆய்வொன்றில், பருத்தியைவிட அக்ரிலிக் காலுறையிற் கொப்புளங்கள் குறைவாகவும் சிறியனவாகவும் காணப்பட்டன. பின்னர் மெல்லிய பின்னலுடைய காலுறைகளைக் கொண்டு சோதித்தபோது அந்த வேறுபாடு தோன்றவில்லை. ஆகவே, இழையின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது போதாது. குதியிலும் விரலடியிலும் பின்னல் தடித்திருக்கின்றதா என்றும் பார்க்கவேண்டும்.

அளவு அதனினும் முக்கியம். "வளரும் கால்தானே" என்று பிள்ளைகளுக்குப் பெரிய காலுறை வாங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு அது சரி, மலைக்கு ஆகாது. காலுறையின் குதி, காலின் குதியிலேயே அமரவேண்டும். அதனை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, விரல்களின் மேல்வரும் தையலைத் தடவிப் பாருங்கள். படி இறங்கும்போது பாதம் முன்னோக்கிச் சறுக்குவதால், அத்தையல் புடைத்திருப்பின் விரல்களைத் தாக்கும்.

மெல்லிய காலுறைக்கு மேலே தடித்ததொன்றை அணிவதும் நல்ல முறை. அப்போது உராய்வு தோலிலன்றி இரு துணிகளுக்கிடையே நிகழும். ஆனால், சப்பாத்தில் அதற்கு இடமிருக்க வேண்டும், நெருக்கினால் பயனில்லை. ஆதலாற் சப்பாத்து வாங்கச் செல்லும்போது, மலையில் அணியவிருக்கும் காலுறைகளையே கொண்டுசென்று அணிந்து பாருங்கள். புதிய காலுறையைத் துவைத்து, சில நாட்கள் வீட்டுத் தெருவில் நடந்து பழக்கியபின் யாத்திரைக்கு எடுப்பது உத்தமம்.

உலர்ந்த இன்னொரு சோடி பையில் இருக்கட்டும். சிகரத்திலே பாதத்தைத் துடைத்து, அதனை மாற்றிக்கொண்டு இறங்குங்கள். வழியில் ஓரிடம் சூடாகச் சுரீரென்றால், அடுத்த அம்பலம் வரட்டும் என்று பொறுத்திராமல் அங்கேயே அமர்ந்து, பிளாஸ்டர் ஒட்டவேண்டும். நீரிழிவு நோயாளருட் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருப்பதால் அந்தச் சுரீர் தெரியாமலே புண் உண்டாகிவிடும். அத்தகையோர் புறப்படுமுன் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுவதோடு, ஏறும்போதும் இறங்கும்போதும் காலுறையைக் கழற்றிப் பாதத்தைக் கண்ணாற் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.