கோடு ஒன்று, கோளாறு வேறு

காரில் உள்ள கோளாறு ஒன்றாக இருக்க, சர்வீஸ் சென்டரில் வேறொரு பாகத்தை மாற்றிவிடுவதும், பில் கட்டி வந்த மறுவாரமே பழைய கோளாறு தலைகாட்டுவதும் பல ஊர்களில் நடக்கிறது. ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீட்டையே (கோடு) முடிவாக எடுத்துக்கொள்வது இதற்கு முக்கியக் காரணம்.

கோடு அறிகுறியைத்தான் சொல்லும். பெட்ரோல் வண்டிகளில் வரும் பி0171 என்ற கோட்டுக்கு, எரிகலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது என்று பொருள். இதை உணர்ந்து சொல்வது ஆக்சிஜன் சென்சார். அதனால் சில இடங்களில் அந்தச் சென்சாரையே கழற்றி மாற்றிவிடுகிறார்கள். வாக்குவம் குழாயில் விரிசல் இருந்தாலும், பெட்ரோல் பம்ப்பில் அழுத்தம் குறைந்தாலும் இதே கோடு வரும். எடுத்துக்காட்டாக, காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருமுக்கூடலை அடுத்த உத்திரமேரூர் வட்டாரத்தில் கல்குவாரி, டிப்பர் லாரித் தூசி அதிகம். ஏர் ஃபில்டர் சரியாகப் பொருந்தாத வண்டியில், உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் மீது இந்தத் தூசி படிந்தால் அளவு தப்பி, இதே கோடு வரலாம். சுத்தம் செய்தாலே அது சரியாகிவிடக்கூடும். வண்டி எந்தச் சாலையில் ஓடுகிறது என்று கேட்காதவருக்கு இது எப்படிப் புலப்படும்?

அதே திருமுக்கூடலின் கோயிலில் உள்ள வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையை (மருத்துவமனையை)ப் பற்றிச் சொல்கிறது. மருத்துவருக்கும் அறுவை செய்பவருக்கும் அதில் தனித்தனி ஊதியம். அதுபோலவே பட்டறையிலும், பாகத்தை மாற்றுவது ஒரு வேலை என்றால் கோளாறைக் கண்டறிவது தனி வேலைதான். அதற்கு நேரமும் கூலியும் ஒதுக்காத இடத்தில், பாகத்தை மாற்றிப் பார்ப்பதே சோதனையாகிவிடுகிறது. அந்தச் செலவு வண்டிக்காரர் தலையில் விழுகிறது.

இதைத் தவிர்க்க, வண்டியை விடும்போது போடும் ஜாப் கார்டில் பாகத்தின் பெயரை எழுதச் சொல்வது நல்லதல்ல. 'காலையில் ஸ்டார்ட் செய்தால் என்ஜின் திணறுகிறது' என்று அறிகுறியை எழுதச் சொல்வதே சரி. என்னென்ன சோதித்தார்கள் என்ற விவரத்தையும் எஸ்டிமேட்டையும் எழுத்தில் வாங்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கோளாறு திரும்பினால், முந்தைய ஜாப் கார்டு எண்ணைக் குறித்துப் புதிய கார்டு போடுவது அவசியம். வாய்ப்பேச்சு பின்னால் சாட்சிக்கு வராது.

பேசித் தீராத வழக்கை, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடாக மாவட்ட ஆணையத்தில் தொடுக்கலாம். புகார்தாரர் வசிக்கும் பகுதிக்கு உரிய ஆணையத்திலேயே தொடுக்க முடியும். காலவரம்பு 2 ஆண்டு. வேறொரு மெக்கானிக் சோதித்து எழுதிக் கொடுத்த அறிக்கை வழக்குக்கு வலுச் சேர்க்கும். வழக்குக்கு முன் ஆலோசனை கேட்கவும் புகாரைப் பதியவும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.