ஜெனரேட்டர் டீசல்: கொண்டுவரும்போது கவனம்



கரண்ட் போனால் லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் ஓடுவது ஜெனரேட்டரால். அதற்கு டீசல் வருவது பிக்கப் வண்டியில். 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, டீசல் மொத்தம் 2,500 லிட்டருக்குள், ஒவ்வொரு கலனும் 1,000 லிட்டருக்கு மேற்படாமல் இருந்தால் உரிமம் தேவையில்லை. அதற்காகக் கவனமும் தேவையில்லை என்று ஆகிவிடாது.

200 லிட்டர் டீசல் சுமார் 165 கிலோ எடை. கட்டாத பீப்பாய் சடன் பிரேக்கில் டிரைவர் முதுகுப் பக்கம்தான் பாயும். நிமிர்த்தி வைத்து, பட்டையால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். விளிம்புவரை நிரப்ப விடாதீர்கள்; வெயிலில் டீசல் விரியும்.

இறக்கும்போது டியூபை வாயால் உறிஞ்சவே கூடாது. டீசல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கைப்பம்பு போதும். ஜெனரேட்டரை நிறுத்தி, சூடு தணிந்த பிறகே ஊற்ற வேண்டும்.

வண்டி வரும் நாளில் உங்களில் ஒருவர் கூடவே நின்று பாருங்கள்.