வீட்டுக் கிரயமும் உரிமைமூலமும்



சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டால் அரசே தமது உரிமைக்கு உறுதி கூறிவிட்டதாக வீடு வாங்குவோரில் பலர் எண்ணுகின்றனர். நமது சட்டம் அவ்வாறு கூறவில்லை.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு பெற்ற பத்திரத்தின் வாயிலாகவே நிகழ வேண்டும் என்கிறது. (அந்த 100 ரூபாய் வரம்பை இன்றுவரை நாடாளுமன்றம் மாற்றவில்லை!) விற்பதாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் மட்டும் சொத்தில் உரிமை எதையும் உண்டாக்காது என்றும் அதே 54-ஆம் பிரிவு கூறுகிறது. அச்சாரம் கொடுத்தவர் உரிமையாளர் அல்லர். கிரயம் செய்து தருமாறு வழக்கிடக் கூடியவரே ஆவார். தில்லி முதலிய இடங்களில் பொது அதிகாரப் பத்திரம், ஒப்பந்தம், உயில் ஆகியவற்றைக் கொண்டே வீடுகள் கைமாறி வந்தன. இவை விற்பனை ஆகா என 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்குள்ள அனுமதியற்ற குடியிருப்புகளில் அவ்வாறு வீடு பெற்றோருக்காக 2019-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

அப்படியாயின் பதிவு எதற்கு? 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் இவர்தாமா, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா என்பதையே பதிவு அலுவலர் விசாரிக்கிறார். விற்பவருக்கு உரிமை உண்டா என ஆராய்வது அவரது பணியன்று. தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைச் செல்லாதென்று 2025-இல் அறிவித்தபோதும் உச்ச நீதிமன்றம் இதையே வலியுறுத்தியது. பதிவாவது பத்திரமே, உரிமைமூலம் அன்று.

ஆகவே ஆராயும் பொறுப்பு வாங்குவோரைச் சேர்கிறது. வழக்கறிஞர்கள் 30 ஆண்டுக் கால மூலப் பத்திரங்களைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அடமானச் சொத்தை மீட்பதற்கும், அரசு வழக்கிடுவதற்கும் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 30 ஆண்டு அவகாசம் தருகிறது. வில்லங்கச் சான்று இன்றியமையாததுதான். ஆயினும் அது பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத உயிலையோ, குடும்பத்தினர் வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினையையோ அதில் காண இயலாது. மூலப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்துக் கடன் பெறுவதும் சட்டப்படி அடமானமே; அதற்குப் பதிவு கட்டாயமன்று. இக்குறையைப் போக்கவே 2011-இல், வங்கிகளின் அடமானங்களைக் குறித்து வைக்கும் மத்தியப் பதிவேடு தொடங்கப்பட்டது. கட்டணம் செலுத்தி எவரும் அதைப் பார்வையிடலாம். பார்ப்பவர்கள் சிலரே என்பது என் எண்ணம். விற்பவர் அசல் பத்திரத்தைக் காட்டாமல் நகலையே நீட்டினால், அசல் எங்கே என்று கேட்கத் தயங்கலாகாது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் பெயர் இருப்பது வரி செலுத்துபவர் யார் என்பதைக் காட்டுமேயன்றி உரிமையைத் தராது என்பதையும் நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன.

கட்டி முடியாத அடுக்ககங்களுக்கு 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் ஓரளவு காப்பு அளிக்கிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் கட்டுநர் பெறலாகாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து, அத்திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்குமே செலவிட வேண்டும்.

அரசே உரிமைமூலத்துக்கு உறுதி கூறும் முறை வேண்டுமெனத் திட்டக் குழுவுக்காக டி.சி. வாத்வா 1989-இல் அறிக்கை அளித்தார். ராஜஸ்தான் 2016-இல் நகர்ப்புற நிலங்களுக்கு அத்தகைய சட்டம் இயற்றியது. ஆந்திரப் பிரதேசம் கொண்டுவந்த சட்டமோ, நீதிமன்றங்களின் அதிகாரம் அதிகாரிகளிடம் செல்கிறது என்ற எதிர்ப்புக்கு உள்ளாகி 2024-இல் நீக்கப்பட்டது. உறுதி கூறுவதற்கு முன், பதிவு அலுவலகமும் வருவாய்த் துறையும் நில அளவைத் துறையும் வைத்திருக்கும் மூன்று பதிவேடுகளும் ஒரே மனையைப் பற்றி ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும். அலுவலர்களுக்கு முன்னுள்ள கடினமான வேலை அதுவே.